காசிக்கு 101 லிட்டர்

மதுரையிலிருந்து காசிக்கு ஐந்து நாள் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன், தனியாக. வழி நெடுக என்னிடம் கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள். ஒன்று, "சார்ஜ் எங்கே போடுவீங்க?" இன்னொன்று, "கூட யாரும் வரலையா?" தமிழில் தொடங்கி கன்னடம், தெலுங்கு, இந்தி என்று மாறிக்கொண்டே போனாலும், வெறும் கைச்சாடையில் கேட்டாலும், கேள்வி அதேதான். முதல் கேள்விக்கு இரண்டாம் நாளிலேயே சுருக்கமான பதில் தயார் ஆகிவிட்டது. இரண்டாவதற்குக் கடைசி வரை அமையவில்லை.

போனதற்குக் காரணம் அம்மா. ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய்ப் பிரயாகையில் சேர்க்க வேண்டும், அங்கிருந்து கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமநாதசாமிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும், அப்போதுதான் காசி யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. மணல் மட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலில், மஞ்சள் துணி கட்டி, பூஜை அலமாரியில் நான்கு வருடமாக இருந்தது. விமானத்தில் போய் இரண்டு நாளில் திரும்பிவிடலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். சரியான யோசனைதான். ஆனால் எனக்கு வேறொரு பழைய கடன் பாக்கி இருந்தது.

பள்ளிக்கூட அட்லஸில் ஒரு சிவப்புக் கோடு வரும், ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை, வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை, 2,369 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமானது என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்தச் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது என்பதில் எனக்குச் சின்ன வயதில் பெருமை தாங்காது. 2010-இல் எண்களை மாற்றிவிட்டார்கள். இப்போது பெரும்பகுதி 44, வடக்கே போகப் போக 34, 30, 135 என்று துண்டுதுண்டாக ஆகிவிட்டது. பலகை மாறினாலும் சாலை அதேதான். ஒரு தரம் அதன் மறு நுனியைப் பார்த்துவிட வேண்டும் என்று நாற்பது வருடமாக ஒரு அரிப்பு.

வண்டி கிராண்ட் விட்டாரா, ஸ்ட்ராங் ஹைபிரிட். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் பிளக் கிடையாது, சார்ஜ் போடவும் முடியாது. 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று, மின்மோட்டார் ஒன்று, இரண்டுக்கும் நடுவே வேலையைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி, அப்புறம் 0.76 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி. ஒரு யூனிட் மின்சாரம்கூட முழுதாகப் பிடிக்காத பேட்டரி அது! முழு மின்சாரக் கார்களில் இதைப்போல ஐம்பது மடங்கு இருக்கும். என்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் மட்டும் ஓட்டினால் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் காலி. ஆனால் அதன் வேலையே நிறைப்பதும் காலி செய்வதுமாக நாள் முழுக்க மாறிமாறி நடப்பது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தை மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பிடித்து பேட்டரியில் போட்டுவைக்கும், கிளம்பும்போது எடுத்துத் தரும். சுங்குடிச் சேலை எடுக்கிற கடைக்குப் பக்கத்தில் பூ வாங்க வைத்திருக்கும் சில்லறைப் பர்ஸ் மாதிரி என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன் (நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள்). பிள்ளைகளுக்கு ஹைபிரிட் புரிந்துவிட்டது, பூ வாங்க எதற்குத் தனிப் பர்ஸ் என்பதுதான் புரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் தோழி ஒருத்தி, நான் இந்த வண்டி வாங்கியதும் சிரித்தாள். அங்கே ஜப்பானிலிருந்து வந்த பிரியஸும் அக்வாவும் வருடக்கணக்காகத் தெருவில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. "நீங்கள் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கிறியளோ?" என்றாள். பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997-இல். அவள் சிரிப்பதில் நியாயம் உண்டு.

கார்த்திகை மாதத்தில் ஒரு விடிகாலை நாலரைக்குக் கிளம்பினேன். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் எல்லாம் ஓட்டிப் பழகிய சாலை. வைகை, அமராவதி, காவிரி என்று ஆறுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனேன், அதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. தொப்பூர் கணவாயில் ஏறும்போதுதான் இந்த வகை வண்டிகளின் குணம் ஒன்று தெரியும். கியர் மாற்றம் கிடையாது என்பதால் ஏற்றத்தில் மிதித்தால் என்ஜின் ஒரே சுருதியில் ஓலமிடும். வண்டி என்னவோ நிதானமாகத்தான் ஏறிக்கொண்டிருக்கும், சத்தம் மட்டும் பேய் ஓட்டம். முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். பாதத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பக்கத்தில் ஏறும் லாரிகளோடு சேர்ந்து போனால் அதுவும் அடங்கிவிடும்.

ஓசூர் வந்தபோது திரையில் சராசரி, லிட்டருக்கு 21.3 என்று காட்டியது. விளம்பரக் கணக்கு 27.97. கொஞ்சம் வயிறு எரிந்தது என்பது உண்மை.

அப்புறம் பெங்களூரு. ஊருக்குள் போகாமல் சுற்றிப்போக வழி இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நான் ஏதோ ஞாபகத்தில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டேன். இறங்கின இடம் சில்க் போர்டு. ஹெப்பாள் தாண்ட இரண்டரை மணி நேரம் ஆனது. ஆட்டோக்கள், கம்பெனி பஸ்கள், ஒரு கல்யாண ஊர்வலம், நான். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் என்ஜின் பாதி நேரத்துக்கு மேல் அணைந்தே கிடந்தது. ஊர்ந்து, நின்று, ஊர்ந்து, நின்று, எல்லாம் மோட்டாரில். சத்தமே இல்லை. பக்கத்து வண்டிகள் எல்லாம் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்க, என் வண்டிக்குள் ஃபேன் காற்றின் ஓசை மட்டும். தேவனஹள்ளி தாண்டி நிமிர்ந்து பார்க்கிறேன், சராசரி 21.8. நாட்டிலேயே பேர்போன நெரிசலில் சிக்கி மைலேஜ் ஏறியிருக்கிறது!

கணக்கு தெரிந்தவளுக்கு இதில் ஆச்சரியம் இருக்கக்கூடாது. ஆனாலும் புத்தகத்தில் தெரிவது வேறு, ஓட்டித் தெரிவது வேறு. நேரான நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்கே பிடிப்பதில்லை, திரும்ப எடுக்க ஒன்றும் இல்லை. அங்கே முக்கிய எதிரி காற்றுதான். வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் தடை ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடும், அதை எந்த பேட்டரியும் குறைக்காது. இந்த வண்டி நன்றாக உழைக்கும் இடம் தடங்கல் உள்ள இடம்: சந்தை நாள், வேகத்தடை, மாடு, சுங்கச்சாவடி வரிசை. நீளப் பயணத்துக்கு என்றே ஹைபிரிட் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: நூறுக்குக் குறையாமல் ஓட்டுகிற ஆளாக இருந்தால் வேண்டாம், நல்ல டீசல் வண்டி ஒன்று போதும்.

மறுநாள் அனந்தபூருக்கும் கர்னூலுக்கும் நடுவே, ஆள் அரவமற்ற அந்த நேர்கோட்டில், சோதித்துப் பார்த்துவிட்டேன். நாற்பது கிலோமீட்டர் 100-இல், அடுத்த நாற்பது 80-இல். முதலாவதில் 19-ஐ ஒட்டி, இரண்டாவதில் 24-க்கு மேல். நேர வித்தியாசம் ஆறே நிமிடம். அதற்குப் பிறகு ஊர் போய்ச் சேரும் வரை 85-ஐத் தாண்டவே இல்லை. இடது பக்கமாகவே போய்க்கொண்டு, எல்லோரையும் முந்தவிட்டுக்கொண்டு. தனியாக இருந்ததால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். பக்கத்தில் வீட்டுக்காரர் இருந்திருந்தால் "மாட்டு வண்டியா ஓட்டறே" என்று கர்னூலுக்குள் பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

பெட்ரோல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பெட்ரோல் கர்நாடகத்தைவிட ஐந்தாறு ரூபாய் அதிகம். மத்தியப் பிரதேசத்திலும் அப்படியே. உத்தரப் பிரதேசத்தில் இறங்கினால் லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைகிறது. டேங்க் 45 லிட்டர். ஆகவே கர்நாடக எல்லையில் பாகேபள்ளியில் நிரப்பினேன், அடுத்தது மகாராஷ்டிரத்தில் பாண்டர்கவடா, அதற்கடுத்தது உத்தரப் பிரதேசம் தொட்டதும். நடுவில் ஒரு சொட்டுப் போடவில்லை. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் போகும்போது ஒவ்வொரு பம்பின் விலைப்பலகையையும் பார்த்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். மிச்சமானது மொத்தம் ஐந்நூறு ரூபாய் இருக்கும். அதைவிடச் சுங்கத்தில் மிச்சம் அதிகம். 2025 ஆகஸ்டில் வந்த 3,000 ரூபாய் வருட ஃபாஸ்டேக் பாஸ் எடுத்திருந்தேன், 200 கடப்புகள் வரை செல்லும். மேலே சொன்ன வெளிவட்டச் சாலைக்கு மட்டும் செல்லாது, அங்கே தனியாகக் கழித்துக்கொண்டார்கள்.

பெண்கள் தனியாக ஓட்டிப் போவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் ஒரு பத்தி. பயம் பெரும்பாலும் ராத்திரி பற்றியதல்ல, கழிப்பறை பற்றியது. பெரிய பம்புகளைக் கண்டால் தேவை இருக்கிறதோ இல்லையோ நிறுத்திவிட வேண்டும், இதுதான் என் ஒரே விதி. மாலை ஆறுக்குள் அறை எடுத்துவிடுவேன்: சிக்பள்ளாப்பூர், நிர்மல், லக்னாதோன், ரேவா. மதியத் தூக்கம் வந்தால் பம்பின் ஓரத்தில் மரத்தடியில் நிறுத்திக் கதவைப் பூட்டி இருபது நிமிடம் கண்ணை மூடுவேன். ஏசியை ஓடவிட்டுப் படுத்தால் பேட்டரி குறையும்போதெல்லாம் என்ஜின் தானே கிளம்பும், அந்த அதிர்வில் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு எழுந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

ஆறுகளை எண்ணுவது தொடர்ந்தது: கிருஷ்ணா பீச்சுபள்ளியில், கோதாவரி நிர்மலுக்கு முன்னால் சோன் என்ற ஊரில். அதற்கப்பால் பைன்கங்கா, அதைத் தாண்டினால் மகாராஷ்டிரம், இரு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டுப் பகுதியில் சாலையையே தூக்கிவிட்டிருக்கிறார்கள். மேலே நாம் போகிறோம், அடியில் விலங்குகள் கடக்கின்றன, அதில் ஒரு கடவு 750 மீட்டர் அகலம். புலிகள் அதன் வழியே போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஓரத்தில் ஒலித்தடுப்புச் சுவர்கள். எனக்கு அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்போல இருந்தது, நிறுத்தக்கூடாது, நிறுத்தவில்லை. கீழே ஒரு புலி நடந்துபோய்க்கொண்டிருந்ததாகவே நினைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

லக்னாதோனில்தான் மாட்டிக்கொண்டேன். முழுக்க என் தப்பு. சாயங்காலம் அறையில் சிக்னல் கிடைக்காததால் வண்டிக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டபடி, உள்விளக்கைப் போட்டு, விடைத்தாள் திருத்தினேன், சுமார் மூன்று மணி நேரம். பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தினால்தான் 'ரெடி' விளக்கு வரும், அப்போதுதான் பெரிய பேட்டரி வேலை செய்யும். மிதிக்காமல் அழுத்தினாலும் திரை எரியும், பாட்டு பாடும், ஆனால் அதெல்லாம் ஓடுவது சாதாரண 12 வோல்ட் பேட்டரியில். ஆமாம், ஹைபிரிட்டிலும் அது ஒன்று உண்டு. காலையில் பட்டனை அழுத்துகிறேன், கட்கட் என்று ஏதோ துடித்துவிட்டு எல்லாம் இருண்டுவிட்டது.

தாபா வாசலில் மூன்று லாரிகள். ஒன்றின் நம்பர் டி.என். 34. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திருச்செங்கோட்டுக்காரத் தம்பி, சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கான்பூர் போகிறார். பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்கக்கா, மதுரை வண்டிங்களா? தனியாவா வந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"கரண்டு வண்டிதானுங்களே? அந்தப் பெரிய பேட்டரில இருந்து எடுத்துக்கக் கூடாதுங்களா?"

எவ்வளவு நல்ல கேள்வி! முடியாது. பெரிய பேட்டரி நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல், பாதுகாப்புக்காக வண்டி அணைந்ததும் அதன் இணைப்புகள் துண்டிக்கப்பட்டுவிடும். மறுபடி இணைக்கும் ரிலேக்கள் இயங்குவது அந்தச் சின்ன 12 வோல்ட்டில். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் சுவிட்சைப் போட ஆள் இல்லை. இதைச் சொன்னதும் தம்பிக்குப் புரிந்துவிட்டது. நானோ அடுத்த கவலைக்குப் போய்விட்டேன்.

"லாரி 24 வோல்ட்டாச்சே தம்பி. கொடுத்தா எல்லாம் எரிஞ்சு போயிடுமே."

"அது ரெண்டு பேட்டரிங்கக்கா. ஒண்ணுல மட்டும் புடிச்சா பன்னெண்டுதானுங்களே."

இருபத்திரண்டு வருடமாகத் தொடர் இணைப்பு நடத்துகிறேன். வருடா வருடம் இரண்டு செல்லை வரிசையாக வைத்துப் படம் போடுகிறேன். எனக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்துப் பதமாகக் கம்பியைப் பிடித்தார், நான் மேனுவலை விரித்து எங்கே கொடுக்க வேண்டும் என்று காட்டினேன், பிரேக்கை மிதித்து அழுத்தியதும் பச்சையாக 'ரெடி' வந்தது. இந்த வண்டியில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை என்பதால் சின்னத் தூண்டல் போதும், அதன் பிறகு பெரிய பேட்டரியே சின்னதை நிறைத்துவிடும். காசு கொடுத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதென்னுங்க டப்பாவுல, முறுக்குங்களா?" டப்பாவோடு கொடுத்துவிட்டேன்.

ஜபல்பூருக்கு முன்னால் தில்வாராவில் நர்மதை. கட்னி, மைஹர் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி, சிமெண்ட் லாரிகளின் ராஜ்யம். ரேவாவில் காலைக் குளிர் மதுரைக்காரியால் தாங்க முடியாதது. ஹீட்டர் போட்டால் சூடு என்ஜினிலிருந்துதான் வர வேண்டும், அதனால் நின்றாலும் என்ஜின் அணையாது. அன்று முதல் ஒரு மணி நேரம் அது சாதாரணப் பெட்ரோல் வண்டியாகத்தான் இருந்தது.

ரேவாவுக்கு வடக்கே சோகாகி மலை இறக்கம். தொப்பூரில் ஏறிய மேட்டை விட்டு இங்கேதான் கங்கைச் சமவெளிக்கு இறங்குகிறோம், நடுவில் இருந்ததெல்லாம் தக்காணமும் விந்தியமும். பொல்லாத இறக்கம். 2022-இல் தீபாவளிக்கு ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களின் பேருந்து இங்கேதான் விபத்துக்குள்ளானது. நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: என் வண்டி நானும் மூட்டையும் சேர்த்து 1,400 கிலோ, நூறு மீட்டர் உயரம் இறங்கினால் 0.38 யூனிட். அதாவது பாதி நிறைந்த பேட்டரி நூறு மீட்டர் சரிவில் ஏறக்குறைய நிறைந்துவிடும். அதற்கு மேல் சேமிக்க இடமில்லை. அப்படித்தான் நடந்தது. கோடுகள் மளமளவென்று ஏறி உச்சியில் நின்றன. லீவரை 'B'-யில் போட்டேன், இறக்கத்தில் என்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடிக்கிற நிலை அது. உபரியைத் தீர்க்க என்ஜின் பெட்ரோல் இல்லாமலே சுழன்று வண்டியைப் பிடித்து நிறுத்தியது, அதே தொப்பூர் ஓலம், இந்தத் தடவை இறங்கும்போது.

சாக்காட் தாண்டி, நைனி பாலத்தில் யமுனையைக் கடந்து, படகு பிடித்துச் சங்கமம். படகுக்காரரும் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். மஞ்சள் துணியை அவிழ்த்தேன். வீடியோ அழைப்பில் அம்மா நெற்றி மட்டும் தெரிந்தது. மணல் விழும்போது ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "பாட்டிலைக் கழுவி எடுத்துட்டு வா" என்றாள்.

காசியில் இரண்டு நாள். சந்துகளுக்குள் வண்டிக்கு வேலையில்லை, நிறுத்திவிட்டு நடந்தேன். அனுமன் காட் பக்கம், பாரதி அத்தை வீட்டில் இருந்து படித்த தெருவில், ஒரு வாசலில் மாக்கோலம் இருந்தது. போன தூரம் 2,280 கிலோமீட்டர், குடித்தது 101 லிட்டர். அம்மாவிடம் போனில் சொன்னபோது மொய் எழுதின மாதிரி இருக்கே என்று சந்தோஷப்பட்டாள்.

காசியிலிருந்து கங்கை நீர் எடுக்கக்கூடாது, பிரயாகையில்தான் எடுக்க வேண்டும் என்பது அம்மா கட்டளை, ஆகவே திரும்பும்போது அங்கே இருபது லிட்டர் கேன் ஒன்றை நிரப்பினேன். செருப்பு கிடக்கிற டிக்கியில் வைக்காதே என்பது இன்னொரு கட்டளை. முன் இருக்கையில் வைத்தேன். நைனி பாலம் ஏறுவதற்குள் வண்டி கத்த ஆரம்பித்தது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று. ஓரங்கட்டி, கேனின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது.

எல்லை தாண்டுவதற்கு முன் மலிவு விலையில் நிரப்பிக்கொள்ள சாக்காட் அருகே பம்பில் நிறுத்தினேன். குழாய் பிடித்த பையன் ஜன்னலில் குனிந்து, "அகேலி?" என்றான், தனியாகவா என்று. நான் கேனைக் காட்டினேன். பெல்ட்டைப் பார்த்தான், கேனைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் பின்னால் ஒட்டியிருந்த 'ஹைபிரிட்' எழுத்தைக் கவனித்துவிட்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான், பிளக் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு.